விற்ற பிறகும் வைத்துக்கொண்ட சாவி

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று கடைகளுக்கு வந்தது. காசு கொடுத்துக் குறுவட்டை வாங்கி, உறையில் அச்சிட்ட 25 எழுத்துச் சாவியைத் தட்டி நிறுவினாலும் வேலை முடியவில்லை. முப்பது நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ மைக்ரோசாஃப்டைத் தொடர்புகொண்டு ஆக்டிவேட் செய்தாக வேண்டும். தவறினால் கணினிக்குள் நுழையவே முடியாது. வீட்டுக் கணினியில் இயங்குதளத்துக்கே இப்படியொரு நிபந்தனை வந்தது புதிது. நாளைக்கு இந்தப் பதிப்பைக் கைவிட்டுவிட்டு ஆக்டிவேஷனையும் நிறுத்திவிட்டால் வாங்கியவர் கதி என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மைக்ரோசாஃப்ட் தன் கேள்வி பதில் குறிப்பில் அதற்கு விடை சொன்னது: எக்ஸ்பியின் ஆயுட்காலம் முழுவதும் ஆக்டிவேஷன் கிடைக்கும், ஆயுள் முடியும்போது ஆக்டிவேஷனே தேவைப்படாமல் செய்யும் ஒரு புதுப்பிப்பு பெரும்பாலும் வெளியிடப்படும். 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது. அந்தப் புதுப்பிப்பு வரவில்லை. ஆக்டிவேஷன் நல்லதா கெட்டதா என்று இருபது ஆண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. விற்ற பொருளில் பூட்டுப் போட உரிமை கேட்கும் நிறுவனத்துக்கு, பொருளைக் கைவிடும் நாளில் அந்தப் பூட்டைக் கழற்றும் கடமையும் உண்டு. எக்ஸ்பியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கழற்ற முடியாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் அந்த வரலாற்றின் முன் நிற்பதில்லை.

பூட்டுக்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மென்பொருள் என்பது தனியாக விலை போட்டு விற்கும் பண்டமானதே 1969க்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஜூனில் ஐபிஎம், இயந்திரத்துடன் சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருளையும் சேவைகளையும் பிரித்து விலையிடப்போவதாக அறிவித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1976 பிப்ரவரியில், பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஆல்டெர் கணினிக்காகத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் துளைநாடாவில் நகலெடுத்துப் புழங்குகிறார்கள் என்பது அவர் குறை. எண்பதுகளில் லோட்டஸ் 1-2-3 போன்ற நிரல்களை இயக்கும்போது மூல ஃபிளாப்பி இயக்கியில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. வாடிக்கையாளர் வெறுப்பு தாங்காமல் லோட்டஸ் பின்னாளில் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 95இன் பூட்டோ பெயரளவுக்குத்தான். கடைப் பதிப்பின் சாவியில் கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் வகுபட்டால் போதும், கணினி ஏற்றுக்கொள்ளும். சரிபார்ப்பு முழுக்க வாங்கியவர் மேசையிலேயே முடிந்துவிடும். நிறுவனத்துக்குத் தகவல் எதுவும் போகாது. இந்தப் பூட்டுகள் எளிதோ கடினமோ, எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருந்தது: திறப்பதற்கு வேண்டியது அனைத்தும் வாங்கியவரிடமே இருந்தது. ஃபிளாப்பி பூஞ்சை பிடித்தாலொழிய, விற்றவர் கடையை மூடிவிட்டாலும் பொருள் இயங்கும்.

எக்ஸ்பி மாற்றியது இதைத்தான். ஆஃபிஸ் 2000 தொகுப்பில் சில நாடுகளில் மட்டும் ஒத்திகை பார்த்த முறையை மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்துக்குக் கொண்டுவந்தது. அது வேலை செய்த விதத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எதிர்த்தவர்கள் அன்று சொன்ன பலவும் மிகை, ஆதரித்தவர்கள் சொன்னதும் முழு உண்மையல்ல. நிறுவி முடிந்ததும் எக்ஸ்பி கணினியின் பத்துக் கூறுகளைப் பார்க்கும்: செயலியின் வகை, அதன் தொடரெண், ஹார்ட் டிஸ்க், அதிலுள்ள பகிர்வின் எண், கிராஃபிக்ஸ் அட்டை, நெட்வொர்க் அட்டை, குறுவட்டு இயக்கி, ஐடிஇ, ஸ்கஸி கட்டுப்படுத்திகள், நினைவகத்தின் அளவு. ஒவ்வொன்றிலிருந்தும் சில பிட்டுகள் மட்டுமே கொண்ட சுருக்கக் குறி கணக்கிடப்படும். இந்தக் குறிகளும் விற்பனைச் சாவியிலிருந்து பிறந்த எண்ணும் சேர்ந்து ஐம்பது இலக்கத்துக்குக் குறையாத நிறுவல் எண்ணாகும். அதைத் தொலைபேசியில் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க வேண்டும். மறுமுனையிலிருந்து 42 இலக்க உறுதி எண் வரும். அதைப் பிழையில்லாமல் தட்டினால் கணினி திறக்கும். இணையத்தில் என்றால் இதே பரிமாற்றம் சில நொடிகளில் முடிந்துவிடும். பெர்லினைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற சிறு நிறுவனம் 2001 ஜூலையில், எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே, இந்த நிறுவல் எண்ணைப் பிரித்துப் பார்த்து ஒரு ஆய்வுக் குறிப்பை வெளியிட்டது. சுருக்கக் குறிகள் மிகச் சிறியவை என்பதால் அவற்றிலிருந்து வன்பொருளின் உண்மையான அடையாளத்தைத் திரும்பப் பெற முடியாது என்று அது காட்டியது. பயனரை உளவு பார்க்கிறார்கள் என்ற அச்சத்துக்கு அது நேர்மையான பதில். வன்பொருள் மாற்றத்துக்கும் தாராளமாகவே இடம் விட்டிருந்தார்கள். பத்தில் ஏழு பொருந்தினால் போதும். நெட்வொர்க் அட்டை மாறாமல் இருந்தால் அதற்கு மட்டும் மூன்று மதிப்பு. ஒருமுறை ஆக்டிவேட் செய்து 120 நாள் கடந்துவிட்டால், வேறு கணினியில் கூட இணையம் வழியே மறுபடி அனுமதி கிடைத்தது. வடிவமைத்தவர்கள் பயனரின் தனிமையை மதித்து, கவனமாகச் செய்த பொறியியல் இது. ஆனால் அனுமதி தரும் 42 இலக்கத்தைக் கணக்கிடும் இரகசியம் நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தது.

புதுக் கணினியில் முதல் முறை போடும்போது இது யாரையும் வருத்தவில்லை. வருத்தம் தொடங்குவது மறுபடி நிறுவும்போது. எக்ஸ்பி காலத்தில் அடிக்கடி ஃபார்மேட் அடித்து ஓ.எஸ். போடுவது சாதாரணப் பராமரிப்பு. வைரஸ் புகுந்தாலும், ரெஜிஸ்ட்ரி வீங்கி வேகம் குறைந்தாலும், ஹார்ட் டிஸ்க் மாற்றினாலும் அதுதான் மருந்து. ஒவ்வொரு முறை வன்தட்டைத் துடைக்கும்போதும் பெற்ற அனுமதியும் துடைபட்டுப்போகும். சிஸ்டம்32 அடைவில் டபிள்யூபிஏ டாட் டிபிஎல் என்றொரு சிறு கோப்பில் அந்த அனுமதி பதிவாகியிருந்தது. அதை முன்கூட்டியே ஃபிளாப்பியிலோ வேறு தட்டிலோ நகலெடுத்து வைத்தவர், அதே வன்பொருளில் மறுபடி நிறுவிய பின் அதைத் திருப்பி வைத்தால் தொலைபேசியைத் தொட வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவருக்கும் தட்டு பழுதான பிறகுதான் நினைவுக்கு வரும். ஆண்டுகள் போகப் போக மற்ற தடைகளும் சேர்ந்தன. எக்ஸ்பி பிறந்தபோது சாட்டா வகை வன்தட்டுகள் புழக்கத்தில் இல்லை. அதனால் புதிய பலகைகளில் நிறுவும்போது நீலத்திரையில் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஊட்ட வேண்டியிருந்தது. ஃபிளாப்பி இயக்கியே இல்லாத கணினிகள் வந்தபின் டிரைவரைக் குறுவட்டுக்குள்ளேயே சேர்த்துப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். கூடவே வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ஆல் இன்றைய பாதுகாப்பு நெறிமுறைகளைப் பேச முடியாததால் பெரும்பாலான இணையதளங்கள் அதற்குத் திறப்பதே இல்லை. இந்தத் தடைகளை எல்லாம் திறமையும் உழைப்பும் உள்ளவர் தாண்டிவிடலாம், தாண்டியும் இருக்கிறார்கள். ஆக்டிவேஷன் ஒன்றுதான் வேறு வகை. அங்கே உழைப்பு செல்லாது. மறுமுனை பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பூட்டின் பளு யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே நாளில் நிறுவும் பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தொலைபேச முடியாது என்பதால், மொத்த உரிமச் சாவி என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. அந்தச் சாவியில் போட்டால் ஆக்டிவேஷன் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு சாவிதான் எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பே வெளியே கசிந்து உலகெங்கும் திருட்டுக் குறுவட்டுகளில் பரவியது. 2002 செப்டம்பரில் வந்த முதல் சர்வீஸ் பேக் அதைத் தடுத்தது. அதற்குள் அந்தச் சாவி போகாத ஊரில்லை. பெரிய கணினித் தயாரிப்பாளர்களுக்கும் தனி வழி இருந்தது. பயோஸில் அவர்கள் முத்திரை இருந்தால் எக்ஸ்பி தானே திறந்துகொள்ளும். வாங்கியவர் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அந்தத் தயாரிப்பாளர் கொடுத்த மீட்புத் தட்டு தொலைந்துபோய், பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய சாவியை வைத்து வேறு தட்டிலிருந்து நிறுவினால் கதை வேறு. 2005 பிப்ரவரி இறுதியில் பெரிய தயாரிப்பாளர்களின் அந்த ஒட்டுச் சாவிகளுக்கு இணைய ஆக்டிவேஷன் நிறுத்தப்பட்டது. தொலைபேசியில் ஊழியரிடம் விளக்கம் சொல்லித்தான் பெற வேண்டும். நகலெடுத்து விற்றவர் பூட்டையே பார்க்கவில்லை, பெருநிறுவனத்துக்குப் பூட்டே போடவில்லை. ஒரே ஒரு கணினியை நேர்மையாக வாங்கி, அதைப் பல ஆண்டு ஓட்ட நினைத்த வீட்டுக்காரரும் சிறு கடைக்காரரும்தான் ஒவ்வொரு பழுதின்போதும் தங்கள் நேர்மையை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுமுனை எப்போதும் சரியாகப் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையும் 2007 ஆகஸ்டில் ஆட்டம் கண்டது. அதற்குள் விண்டோஸ் அசலா என்று சோதிக்கும் ஏற்பாடு எக்ஸ்பியிலும் அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலும் நிலைபெற்றிருந்தது. ஆகஸ்ட் 24 அன்று, தயாராகாத நிரலைத் தவறுதலாக சர்வர்களில் ஏற்றிவிட்டதால், சுமார் 19 மணி நேரம் அசல் கணினிகளில் பல போலி என்று தீர்ப்புப் பெற்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 12,000 என்று நிறுவனமே பின்னர் சொன்னது. விஸ்டாக்காரர்கள் சில வசதிகளையும் இழந்தார்கள். உலகளவில் பார்த்தால் எண்ணிக்கை சிறிது, தவறும் சீக்கிரம் திருத்தப்பட்டது. ஆயினும் சர்வர் தவறினால் காசு கொடுத்தவரும் திருடராகிறார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நாள் தவறுக்கே இப்படி என்றால், நிரந்தரமாக மூடும் நாளைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்குத் தனியான எடை உண்டு. எக்ஸ்பி இங்கே வந்த ஆண்டுகளில்தான் தமிழ் கணினிக்குள் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. யூனிகோட் தமிழுக்கான லதா எழுத்துரு விண்டோஸ் 2000இலேயே வந்துவிட்டது. எக்ஸ்பியில் அது இருந்தாலும், வட்டார அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கல் எழுத்துகளுக்கான தெரிவைக் குறியிட்டு, மூலக் குறுவட்டைச் செருகிக் கோப்புகளை ஏற்றினால்தான் தமிழ் சிதையாமல் தெரியும். ஒவ்வொரு மறுநிறுவலிலும் இதை மறுபடி செய்ய வேண்டும். இன்னொரு பக்கம் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் அச்சகங்களும் பத்திரிகைகளும் இயங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்துத் தமிழ் நூல்களில் பெரும்பங்கு அடோபியின் பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கரில் அடுக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். விஸ்டாவுக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் அதை அடோபி கொண்டுபோகவில்லை. அன்று அடுக்கிய ஒரு நாவலின் கோப்பை இன்று பக்க அமைப்போடு திறக்க வேண்டுமானால், அந்த எழுத்துரு, அந்த விசைப்பலகை நிரல், அந்தப் பேஜ்மேக்கர், அவற்றின் அடியில் ஒரு எக்ஸ்பி என்று முழுச் சூழலையும் மீட்டெடுப்பதே நம்பகமான வழி. தமிழ்ப் பதிப்புலகின் பத்து இருபது ஆண்டு உழைப்பு இப்படி ஒரு இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதால்தான், எக்ஸ்பியை மறுபடி நிறுவுவது ஏக்கம் பிடித்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

பாதுகாப்பை வைத்து ஒரு மறுப்பு வரும்: எக்ஸ்பியை யாரும் இனி பயன்படுத்தவே கூடாது, ஆக்டிவேஷனைத் தளர்த்தினால் ஆபத்தை ஊக்குவித்ததாகும். இதில் பாதி உண்மை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, எக்ஸ்பியில் ஓடும் ஏடிஎம்களை எல்லாம் 2019 ஜூனுக்குள் மாற்றும்படி கெடு வைத்தது. தமிழ்நாடு அரசு 2014இலேயே, ஆதரவு முடிவதை ஒட்டி, துறைகளை இந்தியத் தயாரிப்பான பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. இவை மூன்றும் சரியான முடிவுகள். வலையோடு இணைந்து பணம் கையாளும் இயந்திரத்தில் எக்ஸ்பிக்கு இடமில்லை. ஆனால் வலையிலிருந்து பிரித்து வைத்த கணினிக்கு இந்த வாதம் பொருந்தாது. பட்டறையில் கடைசல் இயந்திரத்தை ஓட்டும் கணினி, ஆய்வகத்தில் பழைய அளவைக் கருவியோடு கட்டப்பட்ட கணினி, மெய்நிகர் கணினிக்குள் பழைய ஆவணத்தைத் திறப்பதற்காக மட்டும் எழுப்பப்படும் எக்ஸ்பி, இவை இணையத்தைப் பார்ப்பதே இல்லை. பாதுகாப்பாக இருக்கப் பிரித்து வை என்று சொல்லிவிட்டு, இயங்க வேண்டுமானால் எங்களைத் தொடர்புகொள் என்றும் சொல்வது ஒன்றோடொன்று முரண்படுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. அதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். நகலெடுப்பு உண்மையிலேயே பெரிய அளவில் நடந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கணினி மையம் வரை, அசெம்பிள் செய்த கணினியோடு காசில்லாமல் எக்ஸ்பி போட்டுக் கொடுப்பது சர்வசாதாரணம். எழுதியவருக்கு உரிய கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1976இல் கேட்ஸ் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டு பாதுகாத்தது விற்பனையில் இருந்த பொருளின் வருவாயை. எக்ஸ்பி விற்பனையிலிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆன பின், அதை நகலெடுப்பவரால் எந்த விற்பனை குறைகிறது? புதிய விண்டோஸ் வாங்காமல் இதிலேயே தங்கிவிடுவார்கள் என்றால், அப்போது பூட்டின் வேலை திருட்டைத் தடுப்பதிலிருந்து மேம்படுத்தக் கட்டாயப்படுத்துவதாக மாறிவிடுகிறது. அதைச் செய்ய மாட்டோம் என்பதும் அதே கேள்வி பதில் குறிப்பில் கொடுத்த உறுதிதான்.

ஆதரவு முடிந்த பிறகும் எக்ஸ்பியை நிறுவி ஆக்டிவேட் செய்யலாம் என்று நிறுவனம் 2014இல் சொன்னதே, பிறகென்ன குறை என்றும் கேட்பார்கள். சர்வரைத் திறந்து வைத்திருப்பது நல்லெண்ணம். அதற்குக் காலவரை சொல்லப்படவில்லை, யாரும் கேட்டு வாங்கும் உரிமையாகவும் அது இல்லை. பூட்டைக் கழற்றுவது வேறு. அதைச் செய்ய முடியும் என்பதற்கு அடோபியே சான்று. கிரியேட்டிவ் சூட் 2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, 2013 ஜனவரியில், ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையும் அதற்கான தொடரெண்களையும் அது இணையத்தில் வைத்தது. உரிமம் வாங்காதவர்களும் இறக்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. அதனால் அடோபி கவிழ்ந்துவிடவில்லை. எக்ஸ்பிக்கு இது இன்னும் எளிது. ஆக்டிவேஷன் இல்லாமல் இயங்கும் எக்ஸ்பியை மொத்த உரிமக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் முதல் நாளிலிருந்தே கொடுத்துவந்தது.

நிறுவனம் செய்யாததை மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் எக்ஸ்பியின் மூலநிரல் இணையத்தில் கசிந்தது; அதில் உள்நுழைவைக் கையாளும், ஆக்டிவேஷனோடு பின்னிப்பிணைந்த வின்லாகன் பகுதி இல்லை. 2023இல், தொலைபேசி ஆக்டிவேஷனில் மறுமுனை செய்யும் கணக்கையே இணையமில்லாமல் செய்து உறுதி எண்ணைத் தரும் சிறு நிரல் ஒன்று பொதுவெளியில் வலம்வந்தது. கடைசல் பட்டறைக்காரருக்கும் அச்சகத்தாருக்கும் இது உதவலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளை இயக்க, பெயர் தெரியாதவர் எழுதிய நிரலை நம்ப வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது சரியென்று எப்படிச் சொல்ல முடியும்? சட்டம் வாங்கியவர் பக்கம் மெல்ல நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பூட்டை உடைப்பதைத் தடுக்கும் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2015இல் தரப்பட்ட விதிவிலக்கு, அங்கீகார சர்வர் மூடப்பட்ட விளையாட்டுகளின் பூட்டை வாங்கியவர் தாண்டலாம் என்றது. 2018இல் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பழைய மென்பொருளைப் பாதுகாக்க இடம் கிடைத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. முறையாக வாங்கியவர் பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ளவும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நம் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கொஞ்சம் இரக்கமானது. ஆயினும் வாங்கியவரைத் தண்டிக்காமல் விடுவதோடு அது நின்றுவிடுகிறது. விற்றவரைப் பூட்டைக் கழற்றச் சொல்ல அதில் வழியில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எக்ஸ்பியிலாவது வாங்கியவர் நகலெடுத்து வைக்க ஒரு கோப்பு இருந்தது. விண்டோஸ் 10இல் கணினிக்கான அனுமதிப் பதிவு நிறுவனத்தின் சர்வரில் வாழ்கிறது. இத்தனை பள்ளி, அலுவலகக் கணினிகளை வாங்கும் தமிழ்நாடு அரசும் மற்ற மாநிலங்களும், ஆதரவு முடிந்து எத்தனை ஆண்டில் ஆக்டிவேஷன் நீக்கப்படும் என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே தேதியோடு எழுதி வாங்க வேண்டும். மொத்தமாக வாங்குபவரின் சொல்லுக்கு நிறுவனம் செவி சாய்க்கும் என்பதை மொத்த உரிமச் சாவி 2001இலேயே காட்டிவிட்டது.